பேரில்லாச் சிலுவைகள்

கல்லாற்றில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது காலை பதினொரு மணி. ஆற்றங்கரைக் கடையில் சாயா குடித்துவிட்டு, மலைமேல் இருக்கும் பழைய துறவி மடத்துக்கு நானும் மனைவி லீலாபாயும் நடந்தோம். எங்கள் மகன் பிரதீஷ் பைக்கிலிருந்து விழுந்து இருபத்திரண்டு நாளாகக் கண் திறக்கவில்லை. டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். தவக்காலத்தில் சிலுவை சுமந்து அந்த மலை ஏறினால் கேட்டது கிடைக்கும் என்று பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கப் பெண் சொன்னாள்.

நாங்கள் சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டன்ட் சபை. நேர்ச்சை, மெழுகுவர்த்தி எல்லாம் எங்களுக்கு ஆகாது. ஆனால் பெற்ற பிள்ளை அப்படிக் கிடக்கும்போது சபையாவது சட்டமாவது! கிளம்பிவிட்டேன். சிலுவையை மட்டும் மறந்துவிட்டேன்.

பாதி வழியில் ஒரு புல்மேடு. அதில் ஒரே உயரத்தில் மரச்சிலுவைகள் வரிசையாக நின்றன.

"ஏற முடியாதவங்க நட்டுட்டுப் போனதாக்கும்," என்றேன்.

"கல்லறையா இருக்கப் போவுது," என்று லீலா தயங்கினாள்.

"கல்லறைன்னா பேரு வேண்டாமா? தேதி, வசனம் வேண்டாமா?"

எங்கள் சபைக் கல்லறைத் தோட்டத்தில் பேரும் வசனமும் இல்லாத கல் ஒன்றுகூடக் கிடையாது. அதன் கமிட்டிச் செயலர் வேதமாணிக்கத்துக்கு, அதாவது எனக்கு, தெரியாததா? அந்தத் திமிரில் ஒன்றைப் பிடுங்கினேன். உள்ளிருந்து யாரோ தள்ளிவிட்ட மாதிரி சுலபமாக வந்தது.

தோளில் வைத்ததும் பழைய ஈரமண் வாடை அடித்தது. கொஞ்ச தூரத்தில் மூடுபனி இறங்கியது. பறவைச் சத்தம் நின்றது. பின்னால் யாரோ வெறுங்காலோடு நடந்து வரும் சத்தம் கேட்டது.

நாங்கள் நின்றோம். அதுவும் நின்றது.

லீலா திரும்பிப் பார்க்கவில்லை. நானும்தான்.

மடத்து வாசலில் நின்ற வயதான மலையாளப் பாதிரியார், அங்கே அச்சன் என்பார்கள், சிலுவையைப் பார்த்ததும் வெளிறிப்போனார். "இது எங்கேந்நு எடுத்தீங்க?"

சொன்னேன்.

"அது எங்க சகோதரன்மாரை அடக்கின இடமல்லவா! மடத்துல சேரும்போதே நாங்க பேரை விட்டிடுவோம். கல்லறையிலும் பேரு கிடையாது." குரலைத் தணித்தார். "வேகம் போய் அதே குழியில நடுங்க. சிலுவை இல்லாத குழி சும்மா கிடக்காது."

ஓடினோம். பனிக்குள் குழியைக் கண்டுபிடித்தோம். மண் உள்ளிருந்து வெளியே சிதறியிருந்தது. சிலுவையை இறக்கி, சுற்றிலும் மண்ணைத் தள்ளி அமுக்கினேன்.

உள்ளங்கைக்குக் கீழே மண் அசைந்தது.

"அப்பா."

லீலா என் தோளைப் பிடித்தாள். "கேட்டியளா?"

"காத்தாக்கும்," என்று இன்னும் பலமாக அமுக்கினேன்.

உடனே போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து மகள் ரெஷ்மா. "அப்பா, அண்ணன் கண்ணு தொறந்தாச்சு!" லீலா அங்கேயே முழங்காலிட்டு ஸ்தோத்திரம் சொன்னாள். நானும் அழுதேன்.

இப்போது அவன் வீட்டில் இருக்கிறான். மீனைத் தொடுவதில்லை. செருப்புப் போடுவதில்லை. நாளெல்லாம் சுவரைப் பார்த்து முழங்காலில் நிற்கிறான். பெற்றவளைக் கண்டால் அந்நியப் பெண்ணைக் கண்டதுபோல் தலை குனிகிறான். நேற்று அவள் அவன் முகத்தைப் பிடித்துக் கெஞ்சினாள். "மக்கா, ஒனக்க பேரச் சொல்லு."

"எங்களுக்குப் பேரு கிடையாது," என்றான். மென்மையாகத்தான் சொன்னான்.

அன்று என் கைக்குக் கீழே கிடந்தது யார் என்று அப்போதுதான் புரிந்தது. காற்று என்று சொல்லி அவனை அமுக்கியவன் நான்தான். பாவி.

இன்று அந்தப் புல்மேட்டுக்குத் தனியாக வந்திருக்கிறேன். அந்தச் சிலுவையை மறுபடி பிடுங்கினால் என் மகன் வரக்கூடும். மாற்றிப் பிடுங்கினால் வேறு யாரோ வருவான். மழை பெய்து எல்லா மேட்டிலும் ஒரே மாதிரி புல் முளைத்திருக்கிறது. என் கையால் நட்டது எது என்று தெரியவில்லை.

முதல் சிலுவையின் முன் குனிந்து, "பிரதீஷ்," என்றேன்.

"அப்பா."

அவன் குரலேதான். எனக்கு உயிர் வந்தது. இருந்தாலும் இரண்டாவதிலும் கூப்பிட்டுப் பார்த்தேன்.

"அப்பா."

மொத்தம் நாற்பத்தொரு சிலுவைகள். ஒன்றுவிடாமல் கூப்பிட்டுவிட்டேன்.

எல்லாவற்றிலிருந்தும் அவன்தான் பேசுகிறான்.