பாதி வரியில் ஒரு மூச்சு

கன்னியர் மடத்து வாசலில் கார் நின்றபோது மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. தம்பி இன்ஜினை அணைக்கவில்லை. அணைத்தால் அக்கா இறங்கிவிடுவாள் என்று நினைத்தானோ என்னவோ.

"நீ பியூட்டிஷியன்க்கா. உள்ள அத்தனை பேரும் முக்காடு போட்டவங்க. யாருக்கு என்னத்த பண்ணப் போற?"

"முக்காட்டுக்குள்ளயும் முடி வளருமாம். வெட்ட ஆள் இல்லையாம். கேட்டுட்டேன்."

அவன் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. "சாமிதான் உன்னைக் கூப்பிடுதுன்னு நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியாதுடா. தெரிஞ்சுக்கத்தான் போறேன்."

ஏற்பாடே அதுதான். மழைக்காலம் முடியும்வரை உள்ளே இருந்து பார்க்கலாம். பிறகு, தேவ அழைத்தல் உண்டா இல்லையா என்று மடத்துத் தலைவி மதர் சொல்வார். உண்டென்றால் வெள்ளை முக்காடு, ஆயுசு முழுக்க அந்த மதிலுக்குள். இல்லையென்றால் வீடு. வீட்டில் என்ன இருக்கிறது? ஒரு சின்னக் கட்டில். பாதி மீந்த, ஆரஞ்சு மணக்கும் இருமல் சிரப் பாட்டில்.

இரண்டும் வாண்டுடையவை. வாண்டு, அவளுடைய ஏழு வயது மகள். அப்பா முகம் தெரியாமல் வளர்ந்த வாயாடி. பாடப் புத்தகத்தை எடுத்தால் கமாவுக்கும் நிற்காது, முற்றுப்புள்ளிக்கும் நிற்காது. பிரேக் பிடிக்காத வண்டி மாதிரி ஒரே ஓட்டம். "மூச்சு விட்டுப் படிடி!" என்று அடுப்படியிலிருந்து இவள் கத்துவாள். போன கோடையில் நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த கடைசிக் காலையிலும் இவள் சொன்னது அதேதான். மூச்சு விடுடி கண்ணு. மூச்சு விடு.

விடவில்லை.

மடத்துச் சிற்றாலயத்தை ஓர் இரும்புக் கிராதி இரண்டாகப் பிரித்திருந்தது. வெளிப்பக்கம் ஊர் சனத்துக்கு நாலு பெஞ்சு. உட்பக்கம், எதிரும் புதிருமாக இரண்டு வரிசை மர இருக்கைகள், அவற்றில் கன்னியர்கள். ஈரக் கல்லும் மெழுகும் கலந்த வாசனை. உச்சி வெயில் நேரத்திலும் மூலைகளில் இருட்டு பழைய துணி மாதிரி குவிந்து கிடந்தது.

மதர் முதல் நாளே சொல்லிக்கொடுத்தார். "திருப்பாடலை இந்தப் பக்கம் ஒரு வரி, அந்தப் பக்கம் ஒரு வரின்னு பாடுவோம். ஒவ்வொரு வரியிலயும் பாதியில நிப்போம். எல்லாரும் சேர்ந்து ஒரு மூச்சு. அப்புறம்தான் மீதி. யாரும் முந்தக் கூடாது."

"அந்த மூச்சு நேரத்துல என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேணாம். அதுதான் கஷ்டம்."

அன்று மாலைச் செபம். முதல் வரி. பாதி வந்தது. அத்தனை பேரும் நின்றார்கள்.

ஒரு குரல் நிற்கவில்லை.

மெல்லிய குரல். மூச்சே வாங்காமல், மீதி வரியை விழுங்கி விழுங்கி ஓடியது.

இவள் சட்டென்று தலையைத் திருப்பினாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த வரி. அடுத்த நிறுத்தம். மறுபடியும் அதே ஓட்டம், இப்போது இடுப்பு உயரத்தில், இவளுக்கு வலப்பக்கம். வலப்பக்க இருக்கை காலி.

ஆரஞ்சு சிரப் வாசனை அடித்தது.

அதற்குப் பிறகு இவள் அந்த நிறுத்தங்களில்தான் உயிர் வாழ்ந்தாள். சமையலறையில் பாத்திரம் கழுவினாள், முடி வெட்டினாள், தோட்டத்தில் களை பிடுங்கினாள். எல்லாம் சும்மா. மணி அடித்தால் முதல் ஆளாக ஓடிப்போய் நிற்பாள். பாடவே மாட்டாள், பாடினால் அந்தக் குரல் அமுங்கிவிடுமே. காலி இருக்கைக்கு அப்பால் நிற்கும் வயதான சிஸ்டருக்குக் காது சுத்தமாகக் கேட்காது. ஒருநாள் அவர் இவள் தோளைத் தொட்டார்.

"கொஞ்சம் தள்ளி நில்லும்மா," என்றார் மெதுவாக. "புள்ளை கால மிதிச்சிடப் போற."

மழை குறைந்தது. மதர் தோட்டத்துக் கல் மேடையில் உட்காரவைத்துக் கேட்டார்.

"உன்னைக் கூப்பிட்டது யாரும்மா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "என் பொண்ணு, மதர்."

மதர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"எங்களுக்கும் கேக்குது. நீ வர்றதுக்கு முந்தியே கேட்டுச்சு. போன கோடையிலேர்ந்து."

"அப்போ அவதானே என்னை இங்க..."

"நல்லா யோசிச்சுப் பாரு. ஒரு தடவையாவது அம்மான்னு சொன்னாளா?"

யோசித்தாள். இல்லை. ஒருமுறைகூட இல்லை. வெறும் பாட்டு மட்டும்தான்.

"சாமி கூப்பிட்டது அவளைம்மா. நீ பள்ளிக்கூடத்துல விட வந்த அம்மா. வாசல்லயே நின்னா புள்ளை உள்ள உக்காராது."

"ஏழு வயசு மதர். விளக்கில்லாம தூங்க மாட்டா."

மதர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "விளக்கு வைக்கிறோம்."

அன்று மாலை இவள் செய்யக் கூடாததைச் செய்தாள். எல்லோரும் நின்ற அந்த ஒரு மூச்சு நேரத்தில், காலி இருக்கைப் பக்கம் குனிந்து கிசுகிசுத்தாள்.

"வாடி. வீட்டுக்குப் போயிடலாம்."

குரல் பாதியில் அறுந்தது.

கல் தரையில் வெறுங்கால் சத்தம். இரண்டு எட்டு.

இவளை நோக்கி அல்ல.

வயதான சிஸ்டரின் அங்கி, முழங்காலுக்கு மேலே, கசங்கிச் சுருண்டது. சின்னக் கை ஒன்று கொத்தாகப் பிடித்துக்கொண்டது போல. முதல் நாள் பள்ளிக்கூடத்தில், டீச்சருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் பிள்ளை போல. அந்த சிஸ்டர் குனிந்து பார்க்கவில்லை. கையை மட்டும் கீழே இறக்கி, வெறும் காற்றைத் தட்டிக்கொடுத்தார்.

மறுநாள் காலை தம்பி வந்தான். பெட்டியைக் காரில் ஏற்றிவிட்டு, கிராதிக்கு வெளியே பெஞ்சில் இருந்தவளின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"போலாமாக்கா?"

"ஒரே ஒரு பாட்டு."

உள்ளே தொடங்கினார்கள். பாதி வரி. நிறுத்தம்.

ஒன்றுமில்லை.

மறுபடி நிறுத்தம். ஒன்றுமில்லை. அவள் கிராதிக் கம்பியை இறுக்கிப் பிடித்தாள். நான் கூப்பிட்டதால் போய்விட்டாளோ? இங்கேயும் இல்லாமல், அங்கேயும் இல்லாமல்?

தம்பி மூக்கைச் சுருக்கினான். "என்னக்கா இது, ஆரஞ்சு மாதிரி வாசனை?"

அடுத்த நிறுத்தம்.

கம்பிக்கு அந்தப் பக்கம், அவள் விரல்களுக்கு மிக அருகில், ஒரு மூச்சு உள்ளே இழுக்கப்பட்டது. நீளமாக. சளிச் சத்தம் இல்லாமல். பிறகு வெளியே வந்தது. குளிர்ச்சியாக, அவள் கை முழுவதும் பட்டது.

பிறகு, எல்லோரோடும் சேர்ந்து, முந்தாமல், அந்தக் குரல் மீதி வரியைப் பாடியது.

அவள் எழுந்தாள். வாசலில் திரும்பிப் பார்த்தபோது, காலை வெளிச்சம் நிறைந்த சிற்றாலயத்துக்குள், காலி இருக்கையின் காலடியில், யாரோ ஒரு சின்ன விளக்கை ஏற்றி வைத்திருந்தார்கள். அதன் சுடர் அசைந்தது, நின்றது, அசைந்தது.

பாட்டு எங்கெல்லாம் நின்றதோ, அங்கெல்லாம்.