முதல் வெயில் தொட்ட கல்

விடிந்ததும் ஆட்கள் வந்து சுவரைப் பிரிப்பார்கள். இதோ, விடிந்தேவிட்டது.

ஸ்பெயின் நாட்டு மலையொன்றில், ஆயிரம் வருடப் பழைய குட்டித் தேவாலயத்துக்குள் தில்லைவாணி கடப்பாரையோடு நின்றாள். மதுரைக்காரி, பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் பொறியாளர். தடித்த கல் சுவர், அரைவட்ட வளைவுகள், ஒடுங்கிய ஜன்னல்கள் என்று கோட்டை மாதிரிக் கட்டியும் வடக்குச் சுவர் சாய்ந்துவிட்டது. அடியில் இன்னும் பழைய நிலவறை இருப்பதைக் காட்டினால் இடிக்க மாட்டோம் என்றார்கள் அதிகாரிகள். காட்டத்தான் முடியவில்லை.

துப்பு வாசல் வளைவிலேயே லத்தீனில் செதுக்கப்பட்டிருந்தது: 'முதல் வெயில் தொடும் இடத்தில் இறங்கு.' வந்த நாளிலிருந்து ஒரே மூடுபனி. வெயில் எங்கே விழும்? பீடத்தின் மேல்தான் என்று வாணி அடித்துச் சொன்னாள். பீடத்தைச் சுற்றி ஒவ்வொரு கல்லாக நெம்பியதில் கை கொப்புளித்ததுதான் மிச்சம்.

"போதும்க்கா, கெளம்பலாம்," என்றான் சித்தப்பா மகன் பாண்டிச்செல்வம். வாசலோரம் மூட்டைகள் மேல் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

"நெம்ப வாடான்னா திங்கிற."

"நேத்துப் பூரா நெம்புனேன்ல? உன் நெலவற எங்க? எலி வள கூட இல்ல."

வாணிக்கு அழுகை முட்டியது. கடப்பாரையை வீசி எறிந்தாள். மலைப்பாதையில் லாரி உறுமியது.

"கண்ணு கூசுதுக்கா. இந்தப் பனி இப்பத்தான் வெலகணுமா?" பாண்டி முகத்தை மறைத்துக்கொண்டான்.

வாணி திரும்பிப் பார்த்தாள். பீடத்துக்குப் பின்னால் இருந்த ஜன்னல் வழியே வெயில் நேராக அவன்மேல் விழுந்திருந்தது. தலையில் அடித்துக்கொண்டாள். ஊரில் கோயில் வாசல் கிழக்கே பார்க்கும்; காலை வெயில் வாசலில் நுழைந்து கருவறைக்குப் போகும். இங்கே பீடம் கிழக்கே, வாசல் மேற்கே. அவளுக்கு இது தெரியாததில்லை. அவசரத்தில் புத்தி ஊர்க்கோயிலுக்கே போய்விட்டது.

"எந்திரிடா! மூட்டையத் தூக்கு!"

இருவரும் சேர்ந்து நெம்ப, கல் முனகி நகர்ந்தது. குளிர்காற்று முகத்தில் அடித்தது. படிகள்! குனிந்து ஓடினார்கள். தாழ்ந்த சுரங்கம் நேராகப் பீடத்தின் அடிக்கே போனது. குட்டைத் தூண்கள், தூண் தலையில் கல் சிங்கங்கள், மேலே அரைவட்ட வளைவுகள். குண்டுமணித் தங்கம்கூட இல்லை.

லாரியில் வந்த மேஸ்திரி டார்ச் அடித்துப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். போனில் யாரிடமோ பேசிவிட்டு ஆட்களைத் திரும்ப வண்டியில் ஏறச் சொன்னார். சுவர் பிழைத்தது.

இனி எந்த ஊருக்குப் போனாலும் முதலில் திசை பார்ப்பது என்று வாணி தீர்மானித்தாள். ஆனாலும் மலையிறங்கும்போது வாய் சும்மா இருக்கவில்லை.

"நான் சொன்ன எடத்துலதான்டா நெலவற இருந்துச்சு."

"ஆமாக்கா. படி மட்டும் எனக்கடியில இருந்துச்சு. அது மேல உக்காந்துதான் உன்ன வஞ்சுக்கிட்டிருந்தேன்."