ஆளில்லாத தெருவில் வண்டிக் கூட்டம்

"எங்க தெருவுல எந்நேரமும் வண்டி நிறைஞ்சிருக்கு சார். ஆனா ஆளே இல்ல. அந்த வண்டியெல்லாம் யாரோடதுன்னு நீங்கதான் கண்டுபிடிச்சுச் சொல்லணும்."

மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தும் அம்மாள் இதைச் சொல்லிவிட்டுக் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டார். எதிரே உட்கார்ந்திருந்தவர் விபத்துக்குள்ளான வாகனங்களை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பரிசோதித்தே தலை நரைத்து ஓய்வுபெற்றவர். ஊர் அவரை நிதானம் என்றே அழைத்து அழைத்து, சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே மறந்துவிட்டிருந்தது. அவர் ஒரு கதவைத் திறந்து உள்ளே வருவதற்குள் வெளியே பருவம் மாறிவிடும்.

பக்கத்தில் இருந்த அவருடைய மைத்துனர் நேர்மாறு. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவராக இருந்து, வாழ்நாளில் லட்சம் தடவையாவது "பிரேக், பிரேக்" என்று கத்தியவர். தன் நாக்குக்கு மட்டும் ஒரு தடவைகூடப் போட்டதில்லை.

"ஆளில்லாத வண்டியா? அத்தான், இது திருட்டு வண்டி கும்பல். கண்ணை மூடிக்கிட்டுச் சொல்றேன்."

"கண்ணைத் திறந்துட்டு அப்புறம் சொல்லு மாப்ளே" என்றார் நிதானம். "நீங்க முழுசாச் சொல்லுங்கம்மா."

கடைத்தெருவின் கட்டட உரிமையாளர்கள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். தெருவை அழகுபடுத்தப் போகிறார்கள்: அகலமான நடைபாதை, புது விளக்கு, உட்கார பெஞ்சு, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பார்க்கிங். சங்கம் வைத்த என்ஜினியர் ஒரு வாரம் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார். தெருவோரம் ஓர் இடம்கூடக் காலியாவதில்லை. போதாததற்கு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஆகவே வாடிக்கையாளர் கூட்டம் அலைமோதுகிறது, நிறுத்த இடமில்லாமல் பாதிப்பேர் திரும்பிப் போகிறார்கள் என்று முடிவு கட்டினார். பார்க்கிங் வேண்டுமானால் ஏதாவது ஒரு கட்டடத்தை இடிக்க வேண்டும். தெருவிலேயே சின்னது கண்ணாடிக்காரம்மாளுடையது.

"வியாழக்கிழமை மத்தியானம் ஓட்டெடுப்பு. பெரும்பான்மை வந்தா நகரசபை எடுத்துக்கும். நஷ்டஈடு குடுப்பாங்க, இல்லேன்னு சொல்லல. ஆனா கீழ கடை, மேல வீடுன்னு எனக்கு வேற எங்க சார் கிடைக்கும்? மேல அவர் படுத்த படுக்கையா இருக்கார். கம்பால தரையைத் தட்டினா நான் மாடிக்கு ஓடணும். கடை ஒரு பக்கம் வீடு ஒரு பக்கம்னு ஆச்சுன்னா, ஒண்ணு கடையை மூடணும், இல்ல அவரை எங்கேயாவது விடணும்."

"உங்க கடை வாசல்லயும் வண்டி நிக்குதா?"

"நிக்காம? ஒண்ணு போனா அடுத்தது. நான் மாடியிலேர்ந்து இறங்கி வந்து பார்க்கறதுக்குள்ள ஆள் மாயமாயிடும். ஆனா அதுலேர்ந்து இறங்கின ஒருத்தர்கூட ஒரு கண்ணாடி துடைக்கிற துணி வாங்கினது கிடையாது. பக்கத்துக் கடையிலயும் ஈ ஓட்டறாங்க. கூட்டம் அலைமோதுதுன்னா அலை எங்க சார் போகுது?"

"சத்தம் ஏதாவது கேட்குமா?"

அம்மாள் யோசித்தார். "என்ன சத்தம்? நகைக்கடை ஷட்டர்தான் அடிக்கடி கடகடன்னு பாதி இறங்கி ஏறும். ரிப்பேர் போல. அவ்வளவு பெரிய கடை, ஒரு சொட்டு எண்ணெய் விட மனசில்ல."

மறுநாள் காலை இருவரும் தெருவுக்குப் போனார்கள். தூறல் விட்டிருந்தது. தெருவின் இருபுறமும் வண்டிகள் மூக்கோடு மூக்கு ஒட்டி நின்றன. கடைகளுக்குள் பார்த்தால், ஆட்கள் கொட்டாவி விடும் போட்டி நடத்திக்கொண்டிருந்தார்கள். மருந்துக்கடையில் விட்ட கொட்டாவியில் துணிக்கடைத் திரைச்சீலை ஆடியது என்று மைத்துனர் பிற்பாடு சத்தியம் செய்தார்.

நிதானம் குனிந்து டயர்களைப் பார்த்தபடியே தெருவைக் கடந்தார். அந்தத் தெருவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் வண்டி நின்றால் அபராதம். பார்க்கிங் காவலர் சுற்றி வரும்போது டயரின் பக்கவாட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார்; அடுத்த சுற்றில் கோடு போட்ட வண்டி அதே இடத்தில் இருந்தால் சீட்டைக் கிழிப்பார்.

"மாப்ளே, இந்த டயரைப் பாரு."

மைத்துனர் பார்த்தார். சாக்பீஸ் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக, சிறைக் கைதி சுவரில் நாள் எண்ணியதுபோல் இருந்தன. அடுத்த வண்டியிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

"கும்பல்தான் அத்தான். ரகசியக் குறி."

அந்த நேரம் நகைக்கடை ஷட்டர் கடகடவென்று பாதி இறங்கி மறுபடி ஏறியது. மைத்துனர் நிமிர்ந்தார். தெருவே உயிர் பெற்றது. எங்கிருந்தோ ஆட்கள் ஓடிவந்தார்கள். கழுத்தில் அளவு நாடாவோடு ஒருவர், வெள்ளைக் கோட்டோடு ஒருவர், வீட்டுச் செருப்போடு ஒருவர். வண்டிகள் உறுமின, வரிசையாக ஓரிடம் தள்ளித் தள்ளி நின்றன. ஓடிவந்தவர்கள் ஓடி மறைந்தார்கள். யார் கையிலும் ஒரு பை இல்லை. தெருமுனையில் காவலர் சாக்பீஸோடு திரும்பியபோது தெரு பழையபடி கொட்டாவி விட்டது.

"புரிஞ்சுதா?" என்றார் நிதானம்.

"புரியாம என்ன? கும்பல் நாம நினைச்சதைவிடப் பெரிசு."

நிதானம் முழங்காலைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தார். "வியாழக்கிழமை உனக்கு ஒரு வேலை இருக்கு. நகைக்கடை வாசல்ல நில்லு. மேலேர்ந்து நான் ஜன்னலைத் திறந்ததும் ஷட்டரைப் பாதி இழுத்து விடு. அப்புறம் மாடிக்கு ஓடி வா. வேடிக்கையைத் தவற விடாதே."

வியாழக்கிழமை மத்தியானம் நகைக்கடைக்கு மேலிருந்த கூடத்தில் சங்கம் கூடியது. தலைவர் நகைக்கடை முதலாளி. பத்து விரலிலும் மோதிரம் போட்டு, கைகூப்பினால் சலங்கை சத்தம் கேட்கும் மனிதர். தையற்கடைக்காரர், மருந்துக்கடைக்காரர் இன்னும் பலர் சுற்றி இருந்தார்கள். கண்ணாடிக்காரம்மாள், தன் சார்பில் அழைத்துவந்த நிதானத்தோடு, கடைசி நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். சுவரில் புதிய தெருவின் வண்ணப்படம். அவர் கடை இருந்த இடம் சாம்பல் நிறச் சதுரமாக இருந்தது.

"வாடிக்கையாளர் நலனுக்காகத்தான்" என்று தலைவர் தொடங்கினார். "இடமில்லாம அவங்க தவிக்கறதைப் பார்த்தா எனக்குச் சாப்பாடு இறங்கல."

"கொஞ்சம் புழுக்கமா இருக்கு" என்று சொல்லி நிதானம் ஜன்னலைத் திறந்தார்.

கீழே ஷட்டர் கடகடத்தது.

மைத்துனர் மூன்று படியாகத் தாவி மாடி ஏறி வாசலில் வந்து நின்றபோது, சங்கம் முழுவதும் எழுந்து நின்றிருந்தது. எல்லார் கையிலும் சாவி. தையற்காரர் ஏற்கனவே கதவுவரை வந்துவிட்டார். மைத்துனர் மேல் மோதித்தான் நின்றார். தலைவரின் மோதிர விரல்களுக்கிடையிலும் ஒரு சாவிக்கொத்து மின்னியது. உட்கார்ந்திருந்தவர்கள் கண்ணாடிக்காரம்மாளும் என்ஜினியரும் மட்டும்.

"காவலர் வரல" என்றார் நிதானம். "உக்காருங்க."

யாரும் உட்காரவில்லை. சாவிகள் மட்டும் மெல்லப் பைகளுக்குள் போயின.

"வாங்கிட்டுப் போறவன் வண்டியில ஒரு சாக்பீஸ் கோடு இருக்கும். மிஞ்சினா ரெண்டு. ஒரு டயர்ல இத்தனை கோடுன்னா அந்த வண்டி இந்தத் தெருவிலேயே குடியிருக்குன்னு அர்த்தம். இறங்கறவங்க கழுத்துல அளவு நாடா, மேல வெள்ளைக் கோட்டு. கையில பை இல்ல. கடைக்கு வர்றவன் அப்படியா வருவான்? கடையை விட்டு வர்றவன்தான் அப்படி வருவான். காவலர் முனையில தெரிஞ்சதும் தலைவர் கடை ஷட்டர் சத்தம் போடும். எல்லாரும் ஓடி வந்து ஒரு இடம் தள்ளி நிறுத்துவீங்க. அவங்கவங்க வாசலை வாடிக்கையாளருக்கு விட்டுட்டு அடுத்தவர் வாசல்ல நிறுத்தறது தர்மம்னு நினைச்சீங்க. எல்லாரும் அதே தர்மத்தைச் செஞ்சதால எந்த வாசலும் மிஞ்சல. என்ஜினியர் எண்ணினது வாடிக்கையாளரை இல்ல. உங்களைத்தான், திரும்பத் திரும்ப."

என்ஜினியர் தன் காலணியை ஆராயத் தொடங்கினார்.

"நான் எப்பவாவதுதான்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"எப்பவாவதா? என் வாசலை உங்க வண்டிக்கு எழுதியே வச்சிருக்கேன்" என்றார் தையற்காரர்.

"நீங்க மட்டும் யோக்கியமா? உங்க சம்சாரத்தோட வண்டி வேற."

மைத்துனருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கும்பல் என்று தான் சொன்னது சரியாகத்தான் போயிற்று. கண்ணாடிக்காரம்மாளைப் பார்த்தார். பல நாளைக்குப் பிறகு அந்த அம்மாள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"ஆக, நீங்க நடந்து வந்தாலோ, வண்டியைத் தெருவுக்கு வெளியே விட்டாலோ போதும்" என்று முடித்தார் நிதானம். "எதையும் இடிக்க வேண்டாம்."

தலைவர் தொண்டையைச் செருமினார். முகத்தில் வெட்கம் வந்து, நிற்க இடம் கிடைக்காமல் போய்விட்டது.

"ஐயா சொன்னது அத்தனையும் உண்மை. மறைக்கறதுக்கு என்ன இருக்கு? இத்தனை நாள் நானே வெளிய சொல்லக் கூச்சப்பட்ட விஷயத்தை ஐயா போட்டு உடைச்சுட்டார். நல்லதுதான். வாடிக்கையாளர் வர இடமில்ல, ஏன்னா நம்ம வண்டி நிக்குது. நம்ம வண்டி ஏன் நிக்குது? நமக்குன்னு ஒரு பார்க்கிங் இல்ல. இதைவிடத் தெளிவா யாராவது எடுத்துச் சொல்ல முடியுமா?"

"முடியாது" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"தினமும் ஓடி ஓடி எனக்கு முட்டி போச்சு" என்றார் தையற்காரர்.

கைகள் உயர்ந்தன. உயராத கை ஒன்றுதான்; அது கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டிருந்தது.

நிதானத்துக்கு அன்று படியிறங்க வழக்கத்தைவிட நேரம் பிடித்தது. "நான் வாயைத் திறக்காம இருந்திருந்தா பாதிப்பேராவது கை தூக்கத் தயங்கியிருப்பாங்க" என்றார். மைத்துனர் அவர் கையைப் பிடித்துப் படியிறக்கினார்.

அடுத்த வருஷம் மைத்துனர் அந்தப் பக்கம் போனார். கண்ணாடிக்கடை இருந்த இடத்தில் தார் போட்டு, வெள்ளைக் கோடு கிழித்து, விளக்கு வைத்த அருமையான பார்க்கிங். ஒரு சைக்கிள்கூட இல்லை. தெருவோரம் வண்டிகள் மூக்கோடு மூக்கு. தையற்காரர் மூச்சிரைக்கத் தன் வண்டியை ஓரிடம் தள்ளி நிறுத்திக்கொண்டிருந்தார்.

"அங்க காலியா கிடக்கே?"

"அங்க விட்டா தெருவைக் கடந்து நடந்து வரணுமே சார்."

அதே வாரம் மைத்துனரின் மூக்குக்கண்ணாடியில் காதுக்கம்பி உடைந்தது. ஊருக்கு வெளியே இருந்த ஒரு பெரிய கடைக்குப் போனார். கவுன்ட்டருக்குப் பின்னால், யாரோ ஒருவருடைய கடையின் பெயர் தைத்த சட்டையில், கண்ணாடிக்காரம்மாள் நின்றார்.

"அவர் எப்படி இருக்காரும்மா?"

"மகள் வீட்டுல விட்டிருக்கேன். ஞாயித்துக்கிழமை போய்ப் பார்ப்பேன். போன வாரம் போனப்ப என்னை நர்சுன்னு நினைச்சுட்டார்." சின்ன ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே தலை நிமிராமல் கேட்டார். "எங்க தெரு எப்படி அண்ணே இருக்கு? பார்க்கிங் கட்டினாங்களே, வண்டி வருதா?"

மைத்துனர் கண்ணாடி இல்லாத கண்ணோடு அந்த மங்கலான முகத்தைப் பார்த்தார்.

"நிறைஞ்சு வழியுதும்மா. இடம் கிடைக்காம சண்டை போட்டுக்கறாங்க."

அந்த அம்மாள் கண்ணாடியைத் துடைத்து அவர் கையில் கொடுத்தார்.

"அப்ப சரி. இடிச்சது வீணாப் போகல."