நான்காவது டிஸ்க்

தொண்ணூற்று மூன்று சதவீதம்... தொண்ணூற்று நான்கு...

கரண்ட் போய்விட்டது.

யுபிஎஸ் 'கீக்... கீக்...' என்று கத்த ஆரம்பித்தது. அதன் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. ஐந்து நிமிடம் தாங்கினால் அதிசயம். அவன் பாய்ந்து மானிட்டரை அணைத்தான். பிரிண்டர் பிளக்கைப் பிடுங்கினான். இருட்டில், டிவிடி எழுதும் டிரைவின் சின்னப் பச்சை விளக்கு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

"பாதியில நின்னுடாதே... உன் கால்ல வேணும்னாலும் விழறேன், நின்னுடாதே..."

"யாரோட பேசுற அங்க?" ஸ்டூடியோவின் முன்னறையிலிருந்து அண்ணியின் குரல்.

"டிரைவோட, அண்ணி!"

"அது பதில் பேசினா மட்டும் என்னைக் கூப்பிடு."

டிரே வெளியே நீண்டது. அவன் விளிம்பைப் பிடித்து டிஸ்க்கை எடுத்தான். கை சுட்டது. எழுதி முடித்துவிட்டது! ஆனாலும் மூச்சு சீராகவில்லை.

இது நான்காவது. முன்னால் போன மூன்றும் 'ஓடலை' என்ற ஒற்றை வார்த்தையோடு திரும்பி வந்தவை.

அன்று காலையில்தான் அண்ணன் தீர்ப்பு சொல்லியிருந்தார். ஸ்டூடியோ அவருடையது. "இதுவும் திரும்பி வந்துச்சுன்னா அந்த கம்ப்யூட்டர் மேசையைத் தூக்கிடுவேன். பாஸ்போர்ட் போட்டோவுக்கு ஸ்டூல் போட இடமாச்சு. நீ மச்சானோட டைல்ஸ் கோடவுனுக்குக் கிளம்பு. நான் எடுத்த போட்டோ ஒண்ணாவது இதுவரைக்கும் திரும்பி வந்திருக்கா?"

மச்சானின் கோடவுன் வேறு ஊரில். ஒரு ராத்திரி முழுக்க பஸ்ஸில் போகவேண்டிய தூரம். அங்கே டைல்ஸ் இருக்கும், தூசி இருக்கும். அந்த மேசை இருக்காது. அப்புறம்... அவள் இருக்கமாட்டாள்.

அவள்!

முதல் நாள் அவள் வந்ததே சண்டைக்குத்தான். மழையில் நனைந்த குடையைக் கூட மடக்காமல், கவுண்டரில் ஒரு டிஸ்க்கை 'டப்'பென்று வைத்தாள்.

"உங்க கடையில வாங்கின டிஸ்க். டூப்ளிகேட்! ஒரு வாரம் ராப்பகலா உட்கார்ந்து எங்க வீட்டு வீடியோவை எடிட் பண்ணி ஏத்தினேன். டிவியில ஒண்ணுமே வரலை."

அவன் அதைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தான். உள்ளே ஒரே ஒரு குட்டி ஃபைல். சிரிப்பை அடக்கமுடியவில்லை.

"மேடம், இதுல படமே இல்ல. எதை வெட்டணும், எதை ஒட்டணும்னு நீங்க போட்ட குறிப்பு மட்டும்தான் இருக்கு. அதைப் படமா மாத்தி, அப்புறம்தான் டிஸ்க்குல எழுதணும்."

அவள் முகம் சிவந்தது. பெரிய கண்கள். கோபத்தில் இன்னும் பெரிதாகின. பிறகு மெல்ல... மெல்ல... அதில் ஒரு குறும்பு எட்டிப் பார்த்தது.

"அதாவது... டாக்டர் எழுதின சீட்டை மென்னு தின்னுட்டு, காய்ச்சல் விடலையேன்னு கேக்கற மாதிரி?"

"அப்படியும் யாராவது கேப்பாங்களா?"

"நான் மருந்துக்கடையில நிக்கறேன். கேப்பாங்க."

இருவரும் சிரித்தார்கள். அந்த நிமிடத்திலிருந்து அவனுக்கு அவள் 'மருந்துக்கடை'. அவளுக்கு அவன் 'எடிட்டர் சார்'.

மறுநாள் அந்த வீடியோ இருந்த கேசட்டைக் கொண்டுவந்தாள். கேசட் எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம் ஓடித்தான் கம்ப்யூட்டரில் ஏறும். அவசரப்படுத்த முடியாது. அவளும் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அவள் அப்பா எடுத்த வீடியோ. பாதி நேரம் தரையும் செருப்புகளும்தான் தெரிந்தன. ஓர் இடத்தில் திரையே கறுப்பாகிவிட்டது. அப்பா கேமராவை அணைக்காமலே பைக்குள் போட்டிருக்கிறார். இருட்டுக்குள் குரல்கள் மட்டும்.

'கேமராவை அணைச்சீங்களா?'

'எல்லாம் அணைச்சாச்சு. உன் வாயைத்தான் அணைக்க முடியலை.'

'அணைஞ்சா அப்புறம் தேடுவீங்க...'

அவன் அந்த இருட்டை வெட்டப் போனான். சட்டென்று அவள் கை வந்து, மவுசின் மேலிருந்த அவன் கையைப் பிடித்தது.

"வேண்டாம்... அம்மா குரல் வேற எதுலயும் இல்ல."

மழை தகரக் கூரையைத் தட்டிக்கொண்டேயிருந்தது. அவள் கையை எடுக்கச் சற்று நேரமாயிற்று. அவனும் நினைவூட்டவில்லை.

டிஸ்க்கைப் போட்டதும் திரையில் வரும் முகப்பில், அந்த இருட்டுக்கு மட்டும் தனி பட்டன் வைத்துக் கொடுத்தான். அழுத்தினால் நேராக அங்கே போகும். பார்த்து விம்மினாள்... சிரித்தாள்... வாங்கிக்கொண்டு போனாள்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தாள். "எடிட்டர் சார்... ஓடலை."

அன்று தொடங்கியது அவன் தவிப்பு. எழுதும் வேகத்தைக் குறைத்தான். வேறு கம்பெனி டிஸ்க் வாங்கினான். படத்தைப் புதிதாகத் தயாரித்து எழுதினான். திரும்பி வந்த ஒவ்வொன்றையும் கடையில் போட்டுப் பார்த்தான். ஓடியது! பக்கத்துத் தையல்கடையில் போட்டான். ஓடியது! எதிர் சலூனில் போட்டபோது, பாதி முகம் நுரையோடு உட்கார்ந்திருந்தவர், "ஏம்பா, செருப்பு விளம்பரமா இது?" என்று கேட்டார். அங்கேயும் ஓடியது!

அவள் வீட்டில் மட்டும் ஓடவில்லை. ஏன்? எங்கே தப்பு?

அவள் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டான். வந்தால் டிஸ்க் திரும்பிவிட்டது என்று அர்த்தம். வராமல் போய்விடுவாளோ என்றும் பயந்தான். இரண்டும் ஒரே நெஞ்சுக்குள் கிடந்து பிசைந்தன. என்ன பிழைப்பு இது!

ஆறு மணிக்கு அவள் வந்தாள். இமையில் மழைத்துளி.

நான்காவது டிஸ்க்கை நீட்டினான். விரல்கள் விடமறுத்தன.

"விட்டாதானே எடிட்டர் சார் நான் எடுத்துட்டுப் போக முடியும்?"

'இது திரும்பி வந்தா நான் இங்க இருக்கமாட்டேன்' என்று சொல்லிவிடலாமா? தொண்டைவரை வந்தது. விழுங்கிவிட்டான். பரிதாபத்தைக் கையேந்தி வாங்குவதா?

"ஓடும்" என்றான். "கண்டிப்பா ஓடும்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொல்லாமல் போய்விட்டாள்.

மறுநாள் சாயங்காலம் வாசலில் அவள் குடை தெரிந்தது. 

"இதுவும்..." அவள் அவன் கண்களைப் பார்க்கவில்லை. "நடுவுல நிக்குது."

"இருக்காது! நானே உங்க வீட்டுக்கு வந்து பார்க்கறேன். இப்பவே..."

"ஐயோ, வேண்டாம்!" பதறிப்போய் ஓரடி பின்வாங்கினாள்.

நாற்காலி நகரும் சத்தம். அண்ணன் எழுந்தார். நேராக மேசைக்கு வந்து குனிந்து, ஒவ்வொரு ஒயராக உருவத் தொடங்கினார்.

"என்ன பண்றீங்க?" என்றாள் அவள்.

"கடையை மூடறேன்மா. இவன் கடையை. நாலு தடவை ஒரே வேலை திரும்பி வந்தா அவனுக்கு இந்தத் தொழில் தெரியலைன்னுதானே அர்த்தம்? நாளைக்கு ராத்திரி பஸ். கோடவுன்ல டைல்ஸ் எண்ணட்டும். டைல்ஸ் ஓடலைன்னு யாரும் திரும்பி வரமாட்டாங்க."

அவள் முகம் வெளுத்தது. அவன் பக்கம் திரும்பினாள்.

"நிஜமாவா? ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"சொன்னா ஓடியிருக்குமா?" அவன் குரல் உடைந்திருந்தது. 

அண்ணன் கீபோர்டைத் தூக்கினார்.

"வையுங்க அதை!" என்று கத்திவிட்டாள். "டிஸ்க்குல தப்பு இல்ல!"

"அப்போ உங்க பிளேயர்லயா?" என்றார் அண்ணன்.

"பிளேயர்லயும் இல்ல."

"பின்ன எதுலம்மா?"

சத்தம் கேட்டு முன்னறையிலிருந்து வந்த அண்ணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். குடைப்பிடியை முறுக்கும் விரல்களை... தாழ்ந்த இமைகளை... மெல்ல வந்து புருஷன் கையிலிருந்த கீபோர்டைப் பிடுங்கி மேசைமேல் வைத்தாள்.

"வாங்க வெளிய. உங்களுக்கு போட்டோ எடுக்க மட்டும்தான் தெரியும். பார்க்கத் தெரியாது."

"ஏய், என்னடி..."

"வாங்கன்னா!"

கதவு சாத்திக்கொண்டது. அறையில் மழைச் சத்தம் மட்டும்.

"டிஸ்க்கும் இல்ல, பிளேயரும் இல்ல..." அவன் தலையைப் பிடித்துக்கொண்டான். "எனக்குப் பைத்தியம் பிடிக்கும்போல இருக்கு. எதுலதாங்க தப்பு?"

"என் மேல." 

உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்கள் நிரம்பின.

"முதல் டிஸ்க்கே ஓடுச்சு... கொடுத்த அன்னிக்கே. அப்பா சாப்பிடாம உட்கார்ந்து அந்த இருட்டையே திரும்பத் திரும்ப போட்டுக் கேட்டார். ரெண்டாவதும் ஓடுச்சு. மூணாவதும். நேத்து கொடுத்ததை நான் கவரைக்கூடப் பிரிக்கலை."

"அப்புறம் ஏன்..."

"ஓடுதுன்னு சொல்லிட்டா..." அவள் நிமிர்ந்து, அன்றைக்கு முதல் தடவையாக அவன் கண்களைப் பார்த்தாள். "நான் எதைச் சொல்லிக்கிட்டு திரும்ப இங்க வருவேன்?"