முன்கூட்டி வந்த மஞ்சள் முக்காடு

வடக்கே ரோத்தக் நகரத்தில், ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி சந்த்ரோவின் வீட்டுக் கட்டிலில் வந்து உட்கார்ந்த ஓம்வதி, மடியிலிருந்த துணிமூட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். வயது நாற்பதைத் தாண்டியவள்.

“என் கரு ரெண்டை ஆஸ்பத்திரியில உறைய வச்சிருந்தாங்க அக்கா. கரண்ட் போயி கெட்டுப்போச்சுங்கிறாரு டாக்டர். எனக்கு இனிமே முட்டையே கிடையாதாம். அதுக இருக்கா, இல்லையா? அதை மட்டும் பாத்துச் சொல்லுங்க.”

மொத்தம் மூன்று கருக்கள். ஒன்றை வயிற்றில் வைத்தார்கள். ஐந்தாம் மாதம் அது கலைந்துபோனது. பையன். மிச்சம் இரண்டை நம்பித்தான் இவள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“மாமியார் எப்படி?” என்று முந்திக்கொண்டாள் தர்ஷனா. சந்த்ரோவிடம் கான்ஸ்டபிளாக இருந்தவள். யாரையாவது சந்தேகப்படாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

“பொண்ணோ பையனோ, வீட்டுல அழுகைச் சத்தம் கேட்டாப் போதும்னவங்க அவங்க. செலவெல்லாம் என் அண்ணன் ராம்மெஹர்தான். டாக்டர் அவனுக்குத் தெரிஞ்சவரு. கரு வச்ச அன்னைக்கே, பாருங்க, இதையும் கொண்டாந்தான்.”

மூட்டைக்குள் ஜரிகை வைத்த மஞ்சள் முக்காடு. பீலியா. பையன் பிறந்தால் தாய்வீட்டார் கொண்டுவருவார்கள். அதைப் போர்த்திக்கொண்டு தாய் கிணற்றுக்குப் பூசை செய்யப் போவாள். பெண் பிறந்தால் ஒரு கைக்குட்டையைக் கூட எவனும் கொண்டுவர மாட்டான், பாவிகள்.

“சாயம் போட்டு ஜரிகை தைக்க நாளாகுமே” என்றாள் சந்த்ரோ. வேறொன்றும் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் சந்த்ரோவுக்கும் தர்ஷனாவுக்கும் டாக்டர் பத்ரா, கரு வைத்திருந்த பாத்திரத்தைக் காட்டினார். இடுப்புயர பால்கேன் போல இருந்தது. மூடியைத் தூக்கியதும் வெண்புகை வழிந்தது. தங்கையோடு வந்திருந்த ராம்மெஹர், மூட்டையும் கையுமாக நின்றவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டான்.

சந்த்ரோ பாத்திரத்தைச் சுற்றி வந்தாள். “இதுக்கு ஒயர் எங்க டாக்டர்?”

அவர் அவசரமாக மூடியைப் போட்டார்.

“இது குளிர் திரவத்துல நிக்கிறது. திரவம் ஊத்துனா போதும், கரண்டே வேணாம். அப்ப கரண்ட் போனதால எப்படிக் கெட்டுச்சு?” ராம்மெஹர் பக்கம் திரும்பினாள். “நீ சொல்லு தம்பி. பொறக்காத பிள்ளைக்குப் பீலியா எடுத்தா ஆகாதுன்னு நம்ம பக்கம் நூலைக்கூடத் தொட மாட்டாங்க. நீ, கருவை வயித்துல வைக்கிறதுக்கு முன்னாடியே சாயம் போடக் குடுத்திருக்க. பையன்னு உனக்கு யாரு சொன்னா?”

“ஆசைல எடுத்தேன்.”

“ஆசைப்படுறவன் வேண்டிக்குவான். தெரிஞ்சவன்தான் வாங்குவான். ஒண்ணு பையன்னு பாத்தாச்சுன்னா, மத்த ரெண்டும் பொண்ணுன்னும் பாத்தாச்சு.”

பாலினம் பார்த்தால் ஜெயில் என்று டாக்டருக்குத் தெரியும். “நான் கொலையா பண்ணிட்டேன்? கண்ணுக்கே தெரியாத துளிங்க.”

“கண்ணுக்கே தெரியாததுல பொண்ணுங்கிறது மட்டும் எப்படிய்யா தெரிஞ்சுது?” என்றாள் தர்ஷனா.

ராம்மெஹர் தரையைப் பார்த்தபடி பேசினான். “பையன் நிக்கலைன்னா பொண்ணையாவது வைங்கன்னு இவ அடம்பிடிப்பா. பொண்ணு மட்டும் பெத்தா மச்சான் வேற பொண்ணைக் கட்டிக்குவாரு. இவ எங்க வீட்டுக்கு வந்து நிலத்துல பங்கு கேட்பா. நான்தான் அதுக வேணாம்னு சொன்னேன்.”

வேலியே பயிரை மேய்ந்துவிட்டது. ஓம்வதி அழவில்லை. அண்ணனை ஏறிட்டும் பார்க்கவில்லை.

“ரெண்டும் பொண்ணா?” என்று டாக்டரிடம் கேட்டாள்.

அவர் தலையாட்டினார்.

“நல்லா இருந்துச்சா?”

“நல்லாத்தான் இருந்துச்சு.”

“எங்க போட்டீங்க?”

டாக்டரின் கண் தன்னையறியாமல் மூலைக்குப் போனது. கை கழுவும் தொட்டி அங்கே இருந்தது.

சந்த்ரோ முப்பது வருஷம் போலீசில் எத்தனையோ பார்த்தவள். உண்மையைக் கண்டுபிடித்து என்ன, அதை வைத்து எந்தப் பிள்ளையைத் திருப்பிக் கொடுப்பது?

ஓம்வதி எழுந்து போனாள். மூட்டையை அவிழ்த்து, மஞ்சள் முக்காட்டை உதறி, தொட்டியின் மேல் மெல்லப் போர்த்தினாள், தூங்கும் பிள்ளைக்குப் போர்த்துவது போல. அதன் நடுவில் ஈரம் பரவத் தொடங்கியது. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. தர்ஷனா போய் அதை இறுக்கி மூடினாள்.