நாற்பத்தோராவது விளக்கு

மணி நாலே கால். வகுப்பு முடிந்தும் கதவு திறக்கவில்லை. மேலே நாற்பது விளக்குகள் பச்சை, ஒன்று மட்டும் சிவப்பு.

பல்கலைக்கழகத்துக்குப் 'புரிமானி' வந்து மூன்று நாளாக இந்தக் கூத்துதான். அறைக்குள் இருக்கும் ஒவ்வொரு மூளையையும் அது படிக்கும். ஆளுக்கொரு விளக்கு; பாடம் நிஜமாகவே மண்டையில் ஏறியிருந்தால் பச்சை. எல்லாம் பச்சையானால்தான் கதவு திறக்கும். அதனிடம் வாய்ச்சவடால் செல்லாது.

பர்ஸானாவுக்கு நாலரைக்கு எதிர்க் கட்டடத்தில் நேர்காணல். அவள் துறைக்கு இந்த வருடம் வந்த ஒரே வேலை!

"எவன்டா அது? கவனிச்சுத் தொலைங்கடா!" என்று பின்வரிசையிலிருந்து ஜெபராஜ் கத்தினான்.

புரிமானி வந்தபின் பேராசிரியர் குற்றாலலிங்கத்துக்கு இதுதான் முதல் வகுப்பு. வெப்பம் ஏன் ஒரே திசையில் பாய்கிறது என்னும் என்ட்ரோபிப் பாடத்தை மறுபடி ஆரம்பித்தார். இருபது வருடமாக ஒப்பிக்கும் அதே வரிகள், அதே இடத்தில் அதே இருமல். சிவப்பு அசையவில்லை.

"சார், வெளியிலிருந்து திறக்கச் சொல்லுங்க சார். எனக்கு இன்டர்வியூ."

"முடியாதும்மா. விதிவிலக்கே கூடாதுன்னு எழுதிக் கொடுத்தவனே நான்தான்."

பர்ஸானா தலைகளை எண்ணினாள். யா அல்லா!

"சார்... நாங்க நாப்பது பேருதான்."

அவர் முகம் வெளுத்தது. 'அறையிலுள்ள மாணவர் அனைவருக்கும் புரிய வேண்டும்' என்றுதான் முதலில் விதி இருந்தது. சுருக்கமாக இருக்கட்டும் என்று 'மாணவர்' என்ற சொல்லை அடித்தவரும் அவரேதான்.

"உங்களுக்கெல்லாம் எப்படிப் பச்சை?" என்றார் ஈனசுரத்தில்.

"ஹாஸ்டல்லயே வீடியோ பாத்துட்டு வந்துடுவோம் சார்," என்றான் ஜெபராஜ்.

பர்ஸானா பலகைக்கு ஓடினாள். "சூடான டீ தானா ஆறுது. ஆறின டீ ஏன் சார் தானா சூடாகறதில்ல?"

வாயைத் திறந்தார். வரையறைதான் வந்தது. அவள் படம் போட்டாள், கோடு இழுத்தாள், மூச்சுவாங்க விளக்கினாள். நாற்பது பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவமானம் பிடுங்கித் தின்றது அவரை.

"எது புரியலைன்னு மட்டும் சொல்லுங்க சார். ப்ளீஸ்!" அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"எல்லாம் புரிஞ்சுதும்மா," என்றார் குற்றாலலிங்கம், விளக்கைப் பார்க்காமல்.

சிவப்பு அப்படியே இருந்தது. எதிர்க் கட்டடத்து ஒலிபெருக்கியில் பர்ஸானாவின் பெயரை இரண்டாம் முறையாகக் கூப்பிட்டார்கள்.