எல்லாரும் வந்தாச்சா?

ரயிலை விட்டு இறங்கியவர்கள் யாரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. அதுதான் அவளுக்கு முதலில் உறுத்தியது. வேலை முடிந்து வருகிறவர்கள் கதவு திறந்ததும் முட்டி மோதிக்கொண்டு ஓடுவதைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். இங்கே இருபது முப்பது பேர், நடைமேடையில் இருந்த ஒரே விளக்குக்கு அடியில் பையும் கையுமாக நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கையில் டார்ச் வைத்திருந்த ஸ்டேஷன்காரர் அவர்களை ஒரு சுற்று சுற்றி வந்து தலையசைத்தார். பிறகு எல்லோரும் ஒன்றாக நடந்தார்கள்.

"என்னங்க இது, பள்ளிக்கூடப் பிள்ளைங்க வரிசையில போற மாதிரி?" என்று கணவனிடம் கேட்டாள்.

"ஒத்துமையான ஊரு போல. நாம இருக்கற இடத்துல பக்கத்து வீட்டுக்காரன் செத்தாக்கூட வாடை வந்தாத்தான் தெரியும்," என்று அவன் சிரித்தான்.

ஆற்றையும் பழைய மாளிகைகளையும் பார்க்க உலகமே வந்து குவிகிற நகரம் அவர்களுடையது. அவன் அந்த ஆற்றில் பயணிகள் படகு ஓட்டினான். அவள் ஒரு பெரிய ஹோட்டலில் படுக்கை விரிப்புகளுக்குப் பொறுப்பாளி. நகரத்தில் வேலை இருந்ததே தவிர இருக்க இடமில்லை. அவர்கள் குடியிருந்த வீட்டையும் உரிமையாளர் பயணிகளுக்கு அறை அறையாக விடப் போகிறாராம். மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். ஆறு ஞாயிற்றுக்கிழமைகளாக ரயில் பாதையில் ஒவ்வொரு நிலையமாக இறங்கி வீடு பார்த்தார்கள். ஒன்றில் வாடகை எட்டாத உயரத்தில் இருந்தது. ஒன்றில் மழைக்கு முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் என்று தெரிந்தது. இன்னொன்றுக்கு இரண்டு ரயில் மாற வேண்டும். போய்ச் சேர்வதற்குள் மகள் தூங்கிவிடுவாள். இந்த ஊர் ஐம்பது நிமிடம். ஒரே ரயில். பள்ளிக்கூடம் தெருமுனையில். வாடகையோ மற்ற இடங்களில் பாதி.

"ஏன் இவ்வளவு கம்மி?" என்று தரகரிடம் கேட்டாள்.

"அக்கா, கூடுதலா சொன்னா ஐயோங்கறீங்க, கம்மியா சொன்னா ஏன்கறீங்க. நான் என்னதான் பண்ணட்டும்? ஒரு மாசம் இருந்து பாருங்க. பிடிச்சிருந்தா மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடலாம்."

"முன்னாடி யார் இருந்தாங்க?"

"ஒரு அம்மாவும் பையனும். வந்தப்ப ரெண்டு பேரு," என்றார் தரகர். மேற்கொண்டு அவள் கேட்பதற்குள் சாவியை அவள் கையில் வைத்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

சுவரோடு சுவர் ஒட்டிய பதினோரு வீடுகள் கொண்ட வரிசை அது. எல்லாவற்றுக்கும் ஒரே பச்சைக் கதவு, ஒரே இரண்டு படி. முதல் வீட்டில் ஸ்டேஷன்காரர். கடைசி வீடு இவர்களுடையது. முதல் வாரமே கணவன் ஒரு நாள் நாலு வீடு தள்ளிப் போய்க் கதவைத் தட்டி, "மன்னிச்சுக்கங்க, வீடு மாறி வந்துட்டேன்" என்று வழிந்துவிட்டு வந்தான். ஏழு வயது மகளை அவர்கள் வாண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். வாண்டு அதைச் சொல்லிச் சொல்லி இரண்டு நாள் சிரித்தாள்.

குடிவந்த அன்றே மாலை ஏழு மணிக்குச் சமையலறைச் சுவரை யாரோ மூன்று முறை தட்டினார்கள். அலமாரிக்கு மேலே, ஒரு கை நுழையும் அளவுக்குக் காற்றுத் துளை ஒன்று இருந்தது. அதன் வழியாகப் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவின் குரல் வந்தது.

"எல்லாரும் வந்தாச்சாம்மா?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வந்தாச்சுங்க."

"எத்தனை பேரு?"

"மூணு பேரு."

"நல்லது. வந்தவங்களை மட்டும் சொல்லுங்க, போதும். யாராவது வரலைன்னா வரலைன்னு சொல்லிடுங்க. அதுல ஒண்ணும் தப்பில்லை."

பிறகு அந்தப் பக்கத்துச் சுவரில் தட்டும் ஓசை கேட்டது. அடுத்து அதற்கும் அந்தப் பக்கம். வீடு வீடாகத் தேய்ந்து போய்க் கடைசியில் காதுக்கு எட்டாமல் நின்றது. சன்னல் வழியாகப் பார்த்தாள். தூரத்தில் நடைமேடை விளக்கு அணைந்தது.

அன்றிலிருந்து தினமும் இதேதான்.

எண்ணிக்கையில் பொய் சொல்கிறவர்களைக் கண்டுபிடிப்பது அவளுக்குத் தொழிலாகவே ஆகிவிட்ட ஒன்று. ஹோட்டலில் இரண்டு பேர் என்று பதிவு செய்துவிட்டு நான்கு பேர் தங்குவார்கள். காலையில் அறைக்குள் நுழைந்ததுமே அவளுக்குத் தெரிந்துவிடும். தலையணையின் குழி சொல்லும். ஈரத் துண்டு சொல்லும். மெத்தை ஓரத்தில் உட்கார்ந்து எழுந்த சுருக்கம் சொல்லும். மனிதர் இருந்த இடம் கசங்காமல் இருக்காது என்பாள். அப்படிப்பட்டவளிடம் ஒருத்தி தினமும் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால்? கேட்கிறவளுக்கு அது எதற்குத் தெரிய வேண்டும்?

ஒரு நாள் படகு வேலை இழுத்துவிட்டது. "ரெண்டு பேருதான் இருக்கோம், அவர் இன்னும் வரலை" என்று துளையைப் பார்த்து உள்ளதைச் சொன்னாள். அன்று நடைமேடை விளக்கு அணையவில்லை. ஒரு மணி நேரம் கழித்து வந்த கணவன், "அந்த ஸ்டேஷன்காரர் டார்ச் அடிச்சுக்கிட்டே நம்ம வாசல் வரைக்கும் கூட வந்தார். எதுக்குங்கன்னு கேட்டா, சும்மாதான், நானும் இந்தப் பக்கம்தான்னார். ஆனா இங்கேர்ந்து திரும்பிப் போயிட்டார்," என்றான்.

"வழி நெடுக என்ன பேசினார்?"

"ஒண்ணும் பேசலை. என் பேரைச் சொல்லி யாராவது பின்னாடிலேர்ந்து கூப்பிட்டா திரும்பாதீங்கன்னு மட்டும் சொன்னார். பாவம், வயசாயிடுச்சுல்ல."

மறுநாள் ஹோட்டலில் சலவைக்காரம்மாவிடம் இதையெல்லாம் சொன்னாள்.

"அடி அசடு, நோட்டம் பார்க்கறாங்கடி," என்றாள் சலவைக்காரம்மா. "வீட்ல ஆம்பளை இருக்கானா இல்லையான்னு தெரிஞ்சுக்கறாங்க. பொம்பளையும் பிள்ளையுமா தனியா இருக்கோம்னு நீயே வாயால சொல்லிட்டு வந்திருக்கியே! யார் கேட்டாலும் எல்லாரும் இருக்கோம்னு அடிச்சு விடு."

அதுதான் புத்தி என்று பட்டது. தையல்காரம்மா வாண்டுவின் பாவாடைக் கிழிசலைத் தைத்துக் கொடுத்தபோதும், மழை நாளில் காயப்போட்ட துணிகளை எடுத்து மடித்து வைத்திருந்தபோதும், அவள் நன்றி சொன்னாள். உள்ளே வந்து துணிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். எதுவும் குறையவில்லை. குறையாததும் சந்தேகமாகவே இருந்தது.

மாதம் முடிய நான்கு நாள் இருந்தது. அன்று காலையிலிருந்தே பனிமூட்டம். ஆறு மணிக்குள் சன்னலுக்கு வெளியே எதிர்ச்சுவர்கூடத் தெரியவில்லை. கணவன் போன் செய்தான்.

"ஆத்துல ஒண்ணும் தெரியலை. படகை மெதுவாத்தான் கொண்டு வரணும். ஏழு இருபது ரயில்லதான் வருவேன். சார்ஜ் வேற இல்லை."

அவள் விளக்கேற்றி வைத்து, கண்ணை மூடி, தினமும் கேட்பதையே கேட்டாள். கடவுளே, அவரைப் பத்திரமாக் கொண்டு வந்து சேர்த்துடு.

ஏழு மணி. சுவரில் மூன்று தட்டு.

"எல்லாரும் வந்தாச்சாம்மா?"

அவள் வாண்டுவைப் பார்த்தாள். கதவின் தாழ்ப்பாளைப் பார்த்தாள். "வந்தாச்சு," என்றாள். "மூணு பேரும்."

சுவருக்கு அப்பால் தையல் இயந்திரத்தின் சத்தம் நின்றது.

"வீட்டுக்காரரும் வந்துட்டாரா? பார்த்துத்தானே சொல்றீங்க? பனியா இருக்கு இன்னிக்கு."

"என் வீட்ல யார் இருக்காங்கன்னு எனக்குத் தெரியாதா? மூணு பேரும் இருக்கோம்."

ஒரு பெருமூச்சு. பிறகு அந்தப் பக்கத்துச் சுவரில் தட்டும் ஓசை, அதற்கு அடுத்து, அதற்கும் அடுத்து. பனிக்குள் மஞ்சள் கறையாகத் தெரிந்துகொண்டிருந்த நடைமேடை விளக்கு அணைந்தது.

அதைப் பார்த்தபடியே நின்றாள். வராதவர் ஒருவர் இருந்தால் அந்த விளக்கு எரிகிறது. ஸ்டேஷன்காரர் காத்திருக்கிறார். தினமும் கடவுளிடம் கேட்டதைத்தான் இந்தப் பத்து வீடுகளும் சுவரைத் தட்டித் தட்டிச் செய்துகொண்டிருந்தனவோ? கேட்ட உதவி வந்து நின்றபோது, திருடனைத் துரத்துவது போல அதைத் துரத்திவிட்டாளோ?

மறுபடி சுவரைத் தட்டலாம் என்று கையை உயர்த்தினாள். அதற்குள் வாசலில் செருப்பு கழற்றும் ஓசை கேட்டது.

ஒன்று.

சற்றுப் பொறுத்து, இன்னொன்று.

வாண்டு ஓடிப்போய்த் தாழ்ப்பாளை நீக்கினாள். "அப்பா!"

"சீக்கிரமே வந்துட்டீங்களா? முந்தின ரயில் கிடைச்சிடுச்சா?" என்று சமையலறையிலிருந்தே கேட்டாள். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. சொன்னது பொய்யில்லை என்றாகிவிட்டது. பதில் வரவில்லை. களைப்பாக இருக்கும். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, நின்றது. விளக்குப் போடாமல் படுக்கையறைக்குப் போகும் காலடி. வாண்டு ஏதோ கேட்பதும் சிரிப்பதுமாக இருந்தாள்.

அவன் வந்தால் முதலில் டீசல் வாடை வரும். பிறகு ஆற்றுச் சேற்றின் வாடை. இன்று கஞ்சி போட்டுத் துவைத்த துணியின் மணம் வந்தது. ஹோட்டலில் யாரும் இன்னும் படுக்காத விரிப்பின் மணம்.

குளியலறைக்குப் போனாள். துண்டு அவள் காலையில் மடித்து வைத்தபடியே இருந்தது. தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. தரையும் காய்ந்திருந்தது.

தூரத்தில் ரயில் கூவியது.

சுவர்க் கடிகாரம் ஏழு இருபது காட்டியது.

போன் அடித்தது. கணவனின் எண்.

"இப்பதான் இறங்கினேன். ஸ்டேஷன் ஒரே கும்மிருட்டு. விளக்கும் இல்லை, டார்ச்காரரும் இல்லை. என்னைத் தவிர யாருமே இறங்கலை." பின்னால் யாரையோ பார்ப்பது போலப் பேச்சு நின்றது. "நீ எங்கே இருக்கே? பின்னாடிலேர்ந்து கூப்பிட்டியா?"

"நான் கூப்பிடலை! திரும்பாதீங்க, நேரா..."

போன் செத்துவிட்டது.

படுக்கையறை வாசலில் போய் நின்றாள். சமையலறை வெளிச்சம் பாதி அறை வரை விழுந்தது. கட்டிலின் ஓரத்தில் அவன் உட்கார்ந்திருந்தான். அதே சட்டை, அதே முதுகு. வாண்டு அவன் தோளில் சாய்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். வாண்டு உட்கார்ந்த இடத்தில் மெத்தை குழிந்திருந்தது.

அவன் உட்கார்ந்த இடத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

சமையலறைக்கு ஓடி இரண்டு கையாலும் சுவரை அடித்தாள். "அக்கா! அக்கா! தப்பாச் சொல்லிட்டேன்! ரெண்டு பேருதான்! அவர் வரலை!"

பிறகு தையல்காரம்மாவின் குரல் துளைக்குப் பக்கத்தில், மிக மெதுவாகக் கேட்டது. அழுதுகொண்டிருந்தாள் போலிருந்தது.

"இப்ப உள்ள எத்தனை பேரும்மா? உள்ளதைச் சொல்லுங்க."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"மூணு," என்றாள்.

துளைக்கு அப்பால் விளக்கு அணைந்தது.

வாசல் கதவை யாரோ தட்டினார்கள். பழக்கமான தட்டல். இரண்டு வேகமாக, ஒன்று நிதானமாக. இந்த முறை டீசல் வாடை வந்தது. ஆற்றுச் சேற்றின் வாடை கதவிடுக்கு வழியே உள்ளே வந்தது.

அவள் பாய்ந்து போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தாள். வாயைத் திறந்தாள்.

பின்னாலிருந்து ஒரு கை வந்து அவள் வாயை மூடியது. காய்ந்த கை. மடிப்புக் கலையாத கை. கஞ்சி மணம். மற்றொரு கை வாண்டுவின் விரல்களைப் பிடித்திருந்தது. வாண்டு கொட்டாவி விட்டாள்.

"யாருங்க?" அவள் காதோரத்தில் கணவனின் குரல் கேட்டது. "இங்க எல்லாரும் வந்தாச்சு."

வெளியே செருப்பு ஒரு அடி பின்வாங்கியது.

"மன்னிச்சுக்கங்க," என்றது அதே குரல், கதவுக்கு அந்தப் பக்கம். பனியில் நனைந்து, சிரிக்க முயன்று. "வீடு மாறி வந்துட்டேன் போல."

படிகளில் இறங்கும் ஓசை. இரண்டு படி. பிறகு தையல்காரம்மா வீட்டுக் கதவில் தட்டல். "இங்க எல்லாரும் வந்தாச்சுப்பா." உடைந்த குரல். அடுத்த கதவு. "இங்க எல்லாரும் வந்தாச்சு." அதற்கும் அடுத்த கதவு.

வீடு வீடாகத் தட்டல் தேய்ந்தது. ஒவ்வொரு தட்டலுக்கும் முன்னால் இரண்டு ஜோடிக் காலடிகள் படியேறின.